சட்டைப் பொத்தானும் சைக்கிளும்: கைகால் ஒத்துழைக்காத பிள்ளைக்கு எந்தப் பயிற்சி?

கேள்வி: எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம். மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். நன்றாகப் பேசுவான், மனக்கணக்கு டக்கென்று சொல்வான். ஆனால் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. சோறு உண்டால் வட்டலைச் சுற்றிலும் சிந்துகிறது. எழுத்து கோட்டுக்குள் நிற்பதில்லை. பந்து பிடிக்கவோ சைக்கிள் ஓட்டவோ தெரியவில்லை. பள்ளியில் சோம்பேறி என்கிறார்கள். மாமியாரோ, “அவங்கப்பனும் இப்படித்தான் இருந்தான், போகப் போகச் சரியாயிரும்” என்கிறார். குழந்தை மருத்துவர் ஒருவர் இது ‘டி.சி.டி.’யாக இருக்கலாம் என்று தெரபிக்கு அனுப்பினார். ஆறு மாதமாக வாரம் இரண்டு நாள் கோவைக்குப் போய் வருகிறோம். அங்கே ஊஞ்சலில் ஆட்டுகிறார்கள், பெரிய பந்தின்மேல் படுக்க வைக்கிறார்கள், கைகால்களில் பிரஷ் வைத்துத் தேய்க்கிறார்கள். பிள்ளை சந்தோஷமாகத்தான் போகிறான், ஆனால் பொத்தான் இன்னும் நான்தான் போட்டுவிடுகிறேன். இதைத் தொடர்வதா, நிறுத்துவதா? மீன் எண்ணெய் மாத்திரை கொடுக்கலாமா? ஊரில் வள்ளி கும்மி பழக்குகிறார்கள், தானும் சேர வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். எல்லோரும் சிரிப்பார்கள் என்று வீட்டில் தடுக்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பிள்ளை சந்தோஷமாகப் போகிறான், பொத்தான் இன்னும் நான்தான் போடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முதல் கேள்விக்குப் பாதி விடை அந்த வரியிலேயே இருக்கிறது. மீதியைச் சொல்வதற்கு முன், மருத்துவர் குறிப்பிட்ட பெயரைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டியிருக்கிறது.

டி.சி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது, வளர்ச்சிக் காலத்தில் தென்படும் இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு. அறிவுத்திறன், பார்வை, தசை ஆகியவற்றில் பெரிய குறை ஏதும் இல்லாத ஒரு குழந்தைக்கு, அதன் வயதுப் பிள்ளைகள் தாமாகவே பழகிக்கொள்ளும் உடல் வேலைகள் கைவராமல் போய், அதனால் அன்றாட வாழ்க்கையோ படிப்போ விளையாட்டோ பாதிக்கப்படுமானால் இந்தப் பெயரை வைக்கிறார்கள். 1994-இல் கனடாவின் லண்டன் நகரில் கூடிய வல்லுநர்கள் இந்தப் பெயரையே பொதுவாகப் பயன்படுத்துவதென்று முடிவு செய்தார்கள். அதற்கு முன் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெயர் வழங்கியது, அவற்றுள் ‘தட்டுத்தடுமாறும் பிள்ளை’ என்ற பொருள்படும் பெயரும் ஒன்று. பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அப்படியானால் உங்கள் மகனின் வகுப்பிலேயே இன்னொரு பிள்ளையும் இருக்கக்கூடும். ஆண் பிள்ளைகளிடம் சற்று அதிகம். குறைமாதத்தில் பிறந்தவர்களிடமும் மிகக் குறைந்த எடையோடு பிறந்தவர்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. வளர்ப்பினால் வருவதில்லை. நீங்கள் செல்லம் கொடுத்து ஊட்டிவிட்டதனால் வந்தது என்று யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அடிப்படையில் என்ன நடக்கிறது என்பதில் ஆராய்ச்சி இன்னும் முடிந்தபாடில்லை. ஆயினும் பலரும் ஏற்கிற விளக்கம் ஒன்று உண்டு. நாம் ஒரு டம்ளரை எடுக்கக் கை நீட்டும்போதே, அது எவ்வளவு கனக்கும், விரல் எவ்வளவு விரிய வேண்டும், எங்கே வேகம் குறைய வேண்டும் என்பதை மூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு அந்த முன்கணிப்பு துல்லியமாக அமைவதில்லை. ஆகவே ஒவ்வொரு அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கிறது. அது மெதுவாக நடக்கும், களைப்பையும் தரும். நேற்று ஓரளவு வந்த வேலை இன்று வராமல் போவதற்கும், மாலையில் எழுத்து இன்னும் மோசமாவதற்கும் காரணம் இதுதான். இதைப் பார்க்கிற ஆசிரியருக்கு, ‘நேற்றுச் செய்தவன் இன்று ஏன் செய்யவில்லை, சோம்பல்தானே’ என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அது தவறு.

உங்கள் மாமியார் சொன்னதில் பாதி சரியாக இருக்கலாம். இத்தகைய சிரமம் குடும்பங்களில் தொடர்ந்து வருவது தெரிந்த விஷயம்தான். மற்றப் பாதியை நான் ஏற்க மாட்டேன். இந்தப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சிரமம் பதின்ம வயதிலும் அதற்குப் பிறகும் தொடர்வதை நெடுநாள் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதைவிட எனக்குக் கவலை தருவது, இடையில் நடப்பது: பந்து பிடிக்க வராத பிள்ளை விளையாட்டிலிருந்து ஒதுங்குகிறது, ஒதுங்குவதால் பழக்கம் குறைகிறது, பழக்கம் குறைவதால் மற்றவர்களிடமிருந்து இன்னும் பின்தங்குகிறது. பிறகு உடல் எடை கூடுவதும், ‘எனக்கு எதுவும் வராது’ என்ற எண்ணம் மனத்தில் ஊன்றிவிடுவதும் சேர்ந்துகொள்கின்றன. உங்கள் கணவர் எப்படியோ சமாளித்து வளர்ந்துவிட்டார் என்றால் மகிழ்ச்சி. அவர் எதையெல்லாம் செய்யாமல் தவிர்த்து வளர்ந்தார் என்பதை ஒருநாள் ஆற அமர அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

பயிற்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன், மருத்துவப் பரிசோதனை முறையாக நடந்ததா என்பதை நீங்கள் உறுதி செய்துகொள்ள வேண்டும். ‘ஆக இருக்கலாம்’ என்று மருத்துவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘லாம்’ ஆறு மாதமாக அப்படியே நிற்கக் கூடாது. முன்பு செய்த வேலை இப்போது வராமல் போனது, உடலின் ஒரு பக்கம் மட்டும் பலவீனமாக இருப்பது, தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி ஊன்றி எழுவது, கெண்டைக்கால் மட்டும் அளவுக்கு மீறித் திரண்டிருப்பது, கீழே விழுவது மாதாமாதம் கூடிக்கொண்டே போவது, காலைத் தலைவலியோடு தள்ளாட்டம் ஆகியவற்றுள் எதையாவது கவனித்திருந்தால், காத்திராமல் குழந்தைகள் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தசைச் சிதைவு நோய்கள் ஆண் பிள்ளைகளிடம் சில சமயம் இப்படித்தான் தலைகாட்டத் தொடங்கும், சி.பி.கே. என்ற எளிய ரத்தப் பரிசோதனை அந்தச் சந்தேகத்தைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். கண் பரிசோதனையும் அவசியம். இவையெல்லாம் சரியாக இருந்தால், அடுத்தது தரப்படுத்தப்பட்ட இயக்கத் திறன் சோதனை. மூவ்மென்ட் ஏ.பி.சி. என்ற சோதனையே உலகெங்கும் அதிகம் பயன்படுவது. கை நுணுக்கம், எறிந்து பிடித்தல், உடல் சமநிலை என்று மூன்று பகுதிகளாக எட்டு வேலைகளைச் செய்ய வைத்து மதிப்பெண் போடுவார்கள். அதன் அளவீடுகள் வெளிநாட்டுப் பிள்ளைகளை வைத்து வகுக்கப்பட்டவை என்பதால், மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், வீட்டிலும் பள்ளியிலும் பிள்ளை எப்படி இருக்கிறான் என்பதையும் கேட்டு முடிவு செய்கிறவரே நல்ல நிபுணர். இந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கவனக் குறைபாடும் சேர்ந்திருப்பதால், அதையும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

இனி, தொடர்வதா நிறுத்துவதா என்ற கேள்விக்கு வருகிறேன்.

இந்தக் குறைபாட்டுக்கு வழங்கும் பயிற்சிகளை, நுணுக்கமான வேறுபாடுகளை விட்டுவிட்டுப் பார்த்தால், இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கலாம். வேலை வராததற்கு உள்ளே ஏதோ ஒரு அடிப்படைத் திறன் குறைந்திருக்கிறது, அதை முதலில் பலப்படுத்தினால் வேலைகள் தாமாக வந்துவிடும் என்று நம்புவது ஒரு குடும்பம். ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் நிபுணர்) வகுத்த புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சை இந்த வகையைச் சேர்ந்தது. நீங்கள் விவரித்த ஊஞ்சல், பெரிய பந்து, பிரஷ் எல்லாம் பெரும்பாலும் அதன் பெயரால் நடப்பவை. பிள்ளைக்கு எந்த வேலை வேண்டுமோ அந்த வேலையையே, அது நடக்கிற இடத்திலேயே, பகுத்து எளிதாக்கிப் பழக்குவது மற்றக் குடும்பம். நெதர்லாந்தில் உருவான நியூரோமோட்டார் டாஸ்க் டிரெய்னிங்கும், கனடாவில் ஹெலீன் பொலடாய்கோவும் ஏஞ்சலா மேண்டிச்சும் உருவாக்கிய கோ-ஆப் முறையும் இதைச் சேர்ந்தவை.

இவ்விரண்டில் சான்று எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் பெரிய ஐயம் இல்லை. பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2013-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, வேலையை நேரடியாகப் பழக்கும் முறைகளால் கிடைக்கும் பலன் வலுவானது என்றும், அடிப்படைத் திறனைத் தேடிப் போகும் முறைகளின் பலன் குறைவு என்றும் கண்டது. 2019-இல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரைகளும் வேலையை மையமாகக் கொண்ட பயிற்சியையே முன்வைக்கின்றன. புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சையைப் பற்றி அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2012-இலேயே, அதற்கான சான்று குறைவாக இருப்பதைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்று அறிவுறுத்தியது. நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: மருத்துவச் சான்றுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, வேலைவழிப் பயிற்சிக்கு ஆதரவான ஆய்வுகளின் தரமும் இன்னும் உயர வேண்டும் என்றுதான் முடித்தது. ஆகவே எதையும் அற்புதச் சிகிச்சையாக எண்ண வேண்டாம். ஆனால் இருப்பதில் எதற்குப் பணமும் நேரமும் கொடுப்பது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

நம் பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கியவர்கள், தோளுக்குத் தனியாகப் பலம் ஏற்றிவிட்டுப் பிறகு தண்ணீரில் இறக்கலாம் என்று காத்திருக்கவில்லை. முதுகில் சுரைப்புருடையை (மிதக்கிற காய்ந்த சுரைக்குடுக்கையை) கட்டித் தண்ணீரிலேயே இறக்கினார்கள், பழகப் பழகச் சுரைப்புருடையைக் கழற்றினார்கள். வேலைவழிப் பயிற்சியின் தத்துவமும் அதுவே. ஊஞ்சலில் ஆடிய பிள்ளைக்கு ஊஞ்சல் நன்றாக வரும். அந்தத் திறன் விரல் நுனிக்கு இறங்கிவந்து பொத்தானைப் போட்டுவிடும் என்று எதிர்பார்ப்பதற்கு ஆதாரம் போதாது.

எனவே நீங்கள் போகும் இடத்தை உடனே நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடுத்த முறை போகும்போது தெரபிஸ்டிடம், “இன்னும் மூன்று மாதத்தில் பையன் என்னென்ன வேலைகளைத் தானாகச் செய்யப் பழகியிருப்பான்?” என்று பணிவாகக் கேளுங்கள். பொத்தான் போடுவான், சாப்பாட்டு டப்பாவைத் திறப்பான் என்பது போல, வீட்டில் நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய பதில் வந்தால், அந்த வேலையை அங்கேயே உங்கள் கண் முன்னால் பழக்கி, வீட்டில் எப்படித் தொடர வேண்டும் என்று உங்களுக்கும் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். நல்ல தெரபிஸ்டுகள் பலர் இதை மகிழ்ச்சியோடு செய்வார்கள். அதற்கு மாறாக, ‘மூளையின் அடித்தளம் முதலில் சரியாக வேண்டும், அதற்கு இரண்டு வருடம் ஆகும்’ என்பது போன்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தால், அந்தப் பஸ் செலவையும் கட்டணத்தையும் மிச்சம் பிடிக்கலாம். பெற்றோரை வெளியே உட்கார வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் இடங்களைப் பற்றி எனக்குப் பொதுவாகவே நல்ல அபிப்பிராயம் கிடையாது.

கோ-ஆப் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் எட்டு வயதில், நன்றாகப் பேசுகிற, கணக்கில் மூளை ஓடுகிற பிள்ளைக்கு அது மிகவும் பொருந்தும். மூன்று வேலைகளைத் தேர்ந்தெடுப்பது பிள்ளையின் உரிமை. நமக்குக் கையெழுத்து முக்கியமாகத் தோன்றலாம், அவனுக்குச் சைக்கிள் முக்கியமாக இருக்கும். அவன் விரும்புவதில்தான் தொடங்க வேண்டும். பிறகு இலக்கு, திட்டம், செய், சரிபார் என்ற நான்கு சொற்களை அவனுக்குக் கற்றுக்கொடுத்து, ஒவ்வொரு வேலையையும் அந்த வரிசையில் அவனே யோசித்துச் செய்யும்படி வழிகாட்டுகிறார்கள். வழக்கமாகப் பத்து அமர்வுகளில் முடிகிற முறை இது. இதில் பெரியவரின் வேலை கேள்வி கேட்பது மட்டுமே. விடையைச் சொல்லிவிட்டால் பலன் குறைந்துவிடுகிறது. நம் வீடுகளில் இதுதான் கடினம், ஏனென்றால் நமக்குச் சொல்லித்தான் பழக்கம்.

சோறு சிந்துவதையே எடுத்துக்கொள்வோம். “வட்டலப் புடிச்சுத் தின்னு, குனிஞ்சு தின்னு” என்று எத்தனையோ தடவை சொல்லியிருப்பீர்கள், அடுத்த வேளை மறுபடி சிந்தியிருக்கும். அதற்குப் பதிலாக ஒருநாள் அவசரமில்லாத வேளையில், “ஏங்கண்ணு, சோறு எந்த எடத்துல சிந்துது, பாரு” என்று மட்டும் கேளுங்கள். அவன் பார்ப்பான். ரசம் ஊற்றிப் பிசையும்போது வட்டலே நகர்ந்து ஓடுவதை அவனே கண்டுபிடிக்கலாம். “ஓடாம இருக்க என்ன பண்ணலாம்?” என்றால், இடக்கையால் விளிம்பைப் பிடிக்கலாம் என்பான், அல்லது அடியில் ஈரத்துணி விரிக்கலாம் என்பான். இரண்டுமே நல்ல திட்டங்கள். செய்து பார்க்கட்டும். அப்போதும் வாய்க்குப் போகிற வழியில் சிந்தினால், “கை எவ்வளவு தூரம் போகுது?” என்ற அடுத்த கேள்வி. தலை வட்டலுக்கு நேராக வர வேண்டும் என்பதை அவன் வாயாலேயே சொல்ல விடுங்கள். இப்படித் தானே கண்டுபிடித்த உத்தி மனத்தில் நிற்கிறது, இன்னொரு வேலைக்கும் அதை அவன் எடுத்துச் செல்கிறான். வட்டல் விளிம்பை இடக்கையால் பிடிப்பது சோற்றைத் தொடுவது ஆகாது என்பதை மட்டும் மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பயிற்சி பாதியில் நின்று போகும்.

பொத்தானைப் பொறுத்தவரை, அது பார்க்கத்தான் ஒரே வேலை. ஆண் பிள்ளைகளின் சட்டையில் காஜா இடப்பக்கத்திலும் பொத்தான் வலப்பக்கத்திலும் இருக்கும். இடக்கை காஜாவின் ஓரத்தைப் பிடித்து விரிக்க, வலக்கை பொத்தானைச் சாய்த்து உள்ளே தள்ளுகிறது. பொத்தானின் பாதி மறுபுறம் எட்டிப் பார்த்த உடனே இரண்டு கைகளும் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும், இடக்கை பொத்தானைப் பிடித்து இழுக்க, வலக்கை துணியைப் பிடித்துக்கொள்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறுவது இந்தக் கைமாற்றத்தில்தான். ஆகவே கடைசியிலிருந்து பழக்குங்கள். பாதி வரை நீங்களே தள்ளிவிட்டு, இழுப்பதை மட்டும் அவனிடம் விடுங்கள், அதுவே அவன் போட்ட பொத்தான். அது கைவந்த பிறகு தள்ளுவதையும் அவனிடம் விடலாம். கழுத்துப் பொத்தானில் தொடங்கினால் கண்ணுக்குத் தெரியாது, வயிற்றுக்கு நேராக இருக்கும் பொத்தானில் தொடங்குங்கள். புதுச்சட்டையின் காஜா இறுக்கமாக இருக்கும், துவைத்துத் துவைத்துத் தளர்ந்த பழைய சட்டையே பழகுவதற்கு ஏற்றது, பெரிய பொத்தானாக மாற்றித் தைத்துவிட்டால் இன்னும் நல்லது. பள்ளி வண்டி வந்து ஹாரன் அடிக்கும் காலை வேளையில் இதைச் செய்யவே வேண்டாம், அந்த நேரத்தில் நீங்களே போட்டுவிடுங்கள். சாயங்காலம் பத்து நிமிடம், வாரத்தில் பல நாள் என்பது, ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் என்பதைவிடப் பலன் தரும்.

சைக்கிளுக்குப் பக்கச் சக்கரம் பொருத்தித் தருவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது சாயவே விடாது, சாய்ந்து நிமிர்வதுதான் சைக்கிளில் பழக வேண்டிய வேலையே. இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு, உட்கார்ந்தால் இரு பாதமும் முழுதாகத் தரையில் பதியும்படி சீட்டை இறக்கச் சொல்லுங்கள். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும் என்பதால் வீட்டில் முயன்று மரையைக் கெடுத்துவிடாமல் சைக்கிள் கடைக்காரரிடமே கொடுப்பது நல்லது. நெல் காயப்போடும் களம் போன்ற சமதளத்தில், காலால் உந்தி உந்தி நடக்கட்டும். சில நாளில் நடை நீளமாகும், பிறகு இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு சிறிது தூரம் உருண்டு போவான். அந்தத் தூரத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டு அவனே அளந்து வைக்கட்டும். பத்துப் பன்னிரண்டு அடி தொடர்ந்து உருளத் தொடங்கிய பிறகு பெடலை மாட்டலாம். தலைக்கவசம் மட்டும் தொடக்கத்திலிருந்தே இருக்க வேண்டும்.

கையெழுத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதில் பெற்றோர் படும் பதற்றமே பாதிச் சிக்கல். பென்சிலை எந்த விரல்களால் பிடிக்கிறான் என்பதில் பிடிவாதம் வேண்டாம். வலிக்காமல், வேகம் தடைப்படாமல் எழுத முடிகிறதென்றால் அந்தப் பிடி போதும். பாதம் தரையிலோ பலகையிலோ பதிய வேண்டும், மேசை முழங்கை உயரத்துக்கு இருக்க வேண்டும். தமிழ் எழுத்துகளில் ண, ஞ, ழ போன்றவை பேனாவை எடுக்காமலே பலமுறை திசை மாறுபவை. ஆகவே ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகளில் உறுதி வந்த பிறகு, ஒரே மாதிரிச் சுழலும் எழுத்துகளைக் கூட்டங்கூட்டமாக எடுத்துக்கொள்வது நல்லது. ஒரு வரி எழுதி, அதில் நன்றாக அமைந்த ஓர் எழுத்தை அவனையே வட்டமிடச் சொல்லுங்கள். பக்கம் பக்கமாக எழுத வைப்பது தவறான வடிவத்தைத்தான் பழக்கமாக்கும்.

பள்ளிக்கு நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டியது ஒரு பக்கக் கடிதம் போதும். இது சோம்பல் அன்று என்று மருத்துவர் எழுதித் தந்த சீட்டின் நகலை இணைத்து, கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதுவதைக் குறைக்கும்படியும், கணக்கில் விடை சரியா என்பதை மட்டும் பார்க்கும்படியும், தேர்வில் சிறிது கூடுதல் நேரம் தரும்படியும் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் இந்தக் குறைபாடு தனி வகையாக இடம்பெறவில்லை. எனவே சான்றிதழுக்காக இப்போதே அலைவதைவிட ஆசிரியரோடு நேரில் பேசி இணங்க வைப்பது விரைவில் பலன் தரும். கோவைக்கு வாரம் இரண்டு முறை போவது பாரமாக இருந்தால், 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்ட இடையீட்டு சேவை மையத்தைப் பற்றி அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். பதினெட்டு வயது வரை அங்கே கட்டணமின்றிப் பரிசோதனை செய்கிறார்கள். அரசுப் பள்ளியாக இருந்தால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரையும் கேட்கலாம்.

மீன் எண்ணெயைப் பொறுத்தவரை, இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் இதே குறைபாடுள்ள பிள்ளைகளுக்கே அதைக் கொடுத்துச் செய்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. வாசிப்பிலும் சொற்களைப் பிழையின்றி எழுதுவதிலும் முன்னேற்றம் தெரிந்ததாக அதில் சொன்னார்கள், இயக்கத் திறனில் மாற்றம் ஏதும் இல்லை. ஆகவே பொத்தானுக்காக மாத்திரை வாங்க வேண்டாம். இந்தக் குறைபாட்டைப் போக்கும் மருந்து எதுவும் இல்லை.

வள்ளி கும்மிக்கு அவசியம் அனுப்புங்கள். நீங்கள் எழுதியதிலேயே பையன் தானாக விரும்பிக் கேட்டது அது ஒன்றுதான், மேலே சொன்ன மூன்று இலக்குகளில் அதுவே முதலாவதாக இருக்கட்டும். பாட்டின் தாளம் முன்கூட்டியே தெரிந்திருப்பது, ஒரே அடி திரும்பத் திரும்ப வருவது, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்ய முடிவது ஆகிய மூன்றும் இத்தகைய பிள்ளைகளுக்குச் சாதகமானவை. திடீரென்று எங்கிருந்தோ பறந்து வரும் கிரிக்கெட் பந்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ எளிது. சேர்ப்பதற்கு முன் கும்மி ஆசிரியரைத் தனியாகப் பார்த்து, இவனுக்குப் பழக மற்றவர்களைவிட அதிக நாள் பிடிக்கும் என்று சொல்லிவிடுங்கள். நன்றாக ஆடத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு நேர் பின்னால், இரண்டாம் வரிசையில் நிறுத்தும்படி கேட்டுக்கொள்ளுங்கள். எதிரே நின்று ஆடிக்காட்டினால் இடம் வலம் மாறிக் குழம்புவான். வீட்டில் பழக்கும்போது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கால் அடியை மட்டும், பாட்டு இல்லாமல், எண்ணிக்கையோடு மெதுவாகச் செய்யட்டும். அது தடையில்லாமல் வந்த பிறகு நின்ற இடத்தில் கைதட்டு மட்டும். அதன் பிறகே இரண்டையும் சேர்த்துப் பாட்டோடு. எந்த இடத்தில் அடி தவறுகிறது என்பதை அவனைக் கேட்டே தெரிந்துகொள்ளுங்கள். முதல் அரங்கேற்றத்தில் எல்லாப் பாட்டுக்கும் ஆட வேண்டியதில்லை, நன்றாக வரும் ஒன்றிரண்டு பாட்டுக்கு மட்டும் இறங்கட்டும், எந்தப் பாட்டு என்பதை அவனும் ஆசிரியரும் பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.